டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

சூடான ரசத்தை ஊற்றி இறுக்கி மூடிய எவர்சில்வர் டப்பா, ஆறிய பிறகு திறக்க வராது. விளிம்பில் கரண்டிக் காம்பைச் செருகி நெம்பினால் ஒரு சத்தம் கேட்கும். ஸ்ஸ்ஸ். ஒரே மூச்சு. காற்று வெளியே வருகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது உள்ளே போகிற சத்தம். நேற்று மத்தியானம் சமையல் ஷெட்டில் யாரோ அப்படி ஒரு டப்பாவைத் திறந்தார்கள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரம், கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிட்டுப் போகும் புழுதியில் முந்தானை முகத்தில் வந்து அடிக்க, ஒரு டீசல் டேங்கின் பக்கத்தில் குந்தியிருந்த வெள்ளிக்கிழமைக்கு நான் போய்விட்டேன்.

பொன்னேரியில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுச் சமைக்கிறோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூன்று கம்பெனிகளுக்கு மத்தியானச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும்போது சோறு மேசையில் இருக்க வேண்டும். சாப்பிட அவர்களுக்கு அரை மணி நேரம்தான். அதில் பத்து நிமிடத்தை நான் விழுங்கிவிட்டால், காலையிலிருந்து உலைக்கு முன்னால் நின்றவர்கள் பாதி வயிற்றோடு திரும்பிப் போவார்கள். இதை நினைத்தே என் காலைகள் ஓடும். பருப்பு வேகிறதா, சோறு வடிந்ததா என்பதெல்லாம் எனக்குக் கவலையே இல்லை. வண்டி போய்ச் சேருமா என்பது ஒன்றுதான்.

வண்டி என்றால், எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பழைய பிக்கப். என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். இடதுபக்கக் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். டீசல் முள் நாங்கள் வாங்குவதற்கு முன்பே செத்துவிட்டது. பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒன்று உடைந்து, வேகத்தடை ஏறும்போதெல்லாம் சாம்பார் அண்டாவின் மூடி தாளம் போடும். ரேடியேட்டர் ஒழுகினால் டிரைவர் என்னிடம் வந்து மஞ்சள்தூள் கேட்பார். ஒரு கைப்பிடி போட்டால் பத்து நாளைக்கு ஒழுகாது. அந்த வண்டியை நான் திட்டிய திட்டுகளை எழுதி வைத்திருந்தால் அடுப்புப் பற்றவைக்க ஒரு வருஷத்துக்கு ஆகும்.

அதை ஓட்ட ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அத்திப்பட்டுக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் லாரி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை வாங்கம்மா போங்கம்மா என்பார். ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போக வேண்டும், அன்றைக்கு மட்டும் கூப்பிடக்கூடாது. அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. அவருக்கு முன்னால் வந்த இரண்டு டிரைவர்கள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒருவர் பாதி வழியில் சாவியை இருக்கையிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார். இவர் ஆறு வருஷம் ஓட்டினார். வண்டி போனால் இன்னொன்று தேடலாம், இந்த மனிதர் போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே அவரிடம் எப்படி அப்படி நடந்துகொண்டேன் என்பதுதான் இன்றைக்கும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குப் பொட்டு வைப்பது என் வேலை. முதல் நாளே அவர் வண்டியைக் கழுவி வைத்திருப்பார். நான் சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் தொட்டு, முகப்புக்கு மூன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று வைப்பேன். கடைசியில் டீசல் டேங்க் மூடிக்கு. அதற்கு மட்டும் தாராளமாக. சமைக்கிறவளுக்கு வாய்தான் முதலில் கண்ணில் படும். வண்டிக்கு வாய் அதுதானே. அப்போது அவர் கொஞ்சம் தள்ளி நின்று, கைகளைத் துடைத்துக்கொண்டு, முடியும்வரை காத்திருப்பார்.

அந்தக் கோளாறு மழை முடிந்த பிறகு தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலை ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் வராது. இரண்டு முறை இருமும். நின்றுவிடும். அவர் இறங்கிப் பானட்டைத் திறப்பார். ஃபில்டர் மேலே இருக்கும் கைப்பம்பை அடிப்பார். ஒரு போல்டைத் தளர்த்தி நுரை வருகிறதா என்று பார்ப்பார். கீழே படுத்து டீசல் ஹோஸ் குழாயைத் தடவுவார். டேங்க்கைத் திறந்து குச்சி விட்டு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பும். ஐந்து வைத்தியம் ஒரே நேரத்தில் செய்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்?

பழைய ரோட்டில் தகர ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் போனோம். அவருக்கு ஆந்திராவில் தடாப் பக்கம் மாமியார் வீடு. யாரைப் பார்த்தாலும் நைனாதான்.

“டீசல் லைன்ல ஏர் இழுக்குது நைனா,” என்றார் எங்கள் டிரைவரிடம்.

“எங்கேர்ந்து இழுக்குது?” என்று நான் கேட்டேன்.

“அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு மா இந்த ஷெட்டுல குந்திக்கினு கீறேன்?”

ஃபில்டரை மாற்றினார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நின்றது. ஹோஸை மாற்றினார். மறுநாளே நின்றது. ஃபீட் பம்பைக் கழற்றி வேறு போட்டார். ஒரு வாரம் எங்களை நம்பவைத்துவிட்டு வழக்கமாக நிற்கிற புளியமரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மரத்தடியில் நுங்கு விற்கிறவர் எங்களைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

“இன்னாக்கா, இன்னிக்கி பத்து நிமிஷம் லேட்டு?” என்பார். அவருக்கு நாங்கள் வேளை காட்டும் கடிகாரம்.

எனக்குச் சிரிப்பு வராது. மடியில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். பின்னால் அண்டாவில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். வெயில், இரும்பு உருக்குகிற புகை, லாரி ஹாரன், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் கொதிக்கும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் மேல் பழியைப் போட்டால்தான் மூச்சு விட முடியும் போலிருக்கும். அப்படி ஒரு ஆளை மெக்கானிக் எனக்குக் கொடுத்தார்.

அன்றைக்கு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“எப்பம்மா நிக்கிது? தெனமுமா?”

“தெனம் இல்ல. டேங்க் ரொப்புன அன்னிக்கின்னா கண்டிப்பா நிக்குது. டீசல் கம்மியா இருந்தா ஒழுங்கா போயிடுது.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “புது டீசல் போட்டா நிக்குதா? அப்பால வண்டிய ஏம்மா நோண்டிக்கினு கீறீங்க? டீசலத்தான் பாக்கணும். யாரு போடறது?”

“அண்ணன்தான்.”

“நான் ஒண்ணும் சொல்லல,” என்றார். சொல்லிவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

நெடுஞ்சாலையில் சில டீக்கடைகளுக்குப் பின்னால் கேனில் டீசல் கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொள்வதுதான். லாரிகளிலிருந்து திருட்டுத்தனமாக இறக்குவது, அதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். அந்த எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, அவர் செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. சாப்பாடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது தனியாகத்தானே டீசல் போடுகிறார். ஏன் டேங்க் மூடியைத் திறக்கும்போது அத்தனை நிதானம்? இரண்டு விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து, ஏதோ பூவைக் கிள்ளுகிற மாதிரித் திருகுகிறாரே, எதை மறைக்க? ஆறு வருஷமாக அப்படித்தான் திறக்கிறார். ஆறு வருஷமாக நான் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை. அதே மரத்தடி. கம்பெனி கேன்டீன் சூப்பர்வைசர் போனில்: “மேடம், சங்கு ஊதியாச்சு. எல்லாரும் தட்டோட நிக்கிறாங்க. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளு பாத்துக்கறோம்.” போனை வைத்தேன். டிரைவர் குச்சியை டேங்க்கிலிருந்து எடுத்து ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்பே திறந்துவிட்டிருந்த கதவு வழியாக நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணே, நேராவே கேக்குறேன். வெளிக் கேன்ல டீசல் வாங்கி ஊத்தறீங்களா?”

அவர் நிமிரவில்லை. ஒரு டிரெய்லர் லாரி எங்களைக் கடந்து போனது. அது போன பிறகு சொன்னார்.

“லாரி போச்சிமா. நீங்க சொன்னது காதுல விழல. இன்னொரு தபா சொல்லுங்க.”

அவருக்குக் கேட்டிருந்தது. நான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு இடம் கொடுத்தார். ‘ஒண்ணும் இல்லண்ணே, சீக்கிரம் போலாம்’ என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் அந்த வார்த்தை தயாராகவே இருந்தது. நான் இரண்டாவது முறையும் கேட்டேன். முதல் தடவையைவிடத் தெளிவாக.

அவர் குச்சியைத் துணியால் துடைத்து இருக்கைக்கு அடியில் வைத்தார். வண்டியை எடுத்தார். மூன்று கம்பெனியிலும் சாப்பாட்டை இறக்கினார். திரும்பிப் பொன்னேரிக்கு ஓட்டி வந்தார். ஷெட் வாசலில் நிறுத்திய பிறகுதான் பேசினார்.

“இனிமே டீசல் நீங்களே போடுங்க. மூடிய நீங்களே தொறங்க, நீங்களே மூடுங்க. நான் கை வெக்க மாட்டேன். சனிக்கெழம வரிக்கும் ஓட்டறேன். சோத்து விஷயம், பாதில உட்டுட்டுப் போவக்கூடாது.”

“சனிக்கெழமைக்கு அப்புறம்?”

“அதுக்கப்புறம் நான் ஊட்ல இருப்பேன்.”

“கோவமாண்ணே?”

“கோவம் வந்தா கத்தியிருப்பேன்ல,” என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிடிவாதத்தில் அன்றைக்கும் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். டேங்க் மூடிக்கு இரண்டு மடங்கு. அண்டாக்களை ஏற்றிக் கிளம்பியதும் பங்க்கில் நிறுத்தச் சொன்னேன். பங்க் பையன் கதவைத் திறந்துவிட, இறங்கி நின்று என் கண்ணால் பார்த்து, கழுத்துவரை டேங்க்கை ரொப்பினேன். என் கையால் மூடினேன். இது நல்ல டீசல், இன்றைக்கு நிற்காது, நின்றால்தானே பேச்சு. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புளியமரம்வரைகூடப் போகவில்லை. நெடுஞ்சாலை ஏறி அரைக் கிலோமீட்டர். இழுவை குறைந்தது. இருமியது. நின்றது.

அவர் இறங்கவில்லை. “டீசல் பாக்கணும்னா நீங்கதான் பாக்கணும்,” என்றார்.

கதவை வெளியிலிருந்து அவர் திறந்துவிட்டால்தான் நான் இறங்க முடியும். அதற்காக மட்டும் இறங்கி வந்து திறந்துவிட்டு, பானட் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் டேங்க் பக்கத்தில் குந்தினேன். அழுகை முட்டியது, கோபம்தான், வேறொன்றும் இல்லை. அவரைப் போல நிதானமாகத் திறக்க எனக்குப் பொறுமை கிடையாது. முழு உள்ளங்கையையும் மூடி மேல் வைத்து அழுத்தித் திருகினேன். வரவில்லை. முந்தானையைச் சுற்றி இன்னொரு முறை திருகினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். உள்ளே காற்று இல்லாமல் இறுகிக் கிடந்த பாத்திரம் திறக்கும் சத்தம். ஆனால் டேங்க்கில் ஏன்?

“அண்ணே,” என்றேன். “இங்க வாங்க. இது ரசம் டப்பா மாதிரி கத்துது.”

அவர் வந்தார். மூடியை மறுபடி இறுக்கச் சொன்னார். சாவியைப் போட்டு இஞ்சினைச் சுற்றவிட்டார், பம்பைத் தொடாமல், போல்டைத் தளர்த்தாமல். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. இறங்கி வந்து கையை நீட்டினார்.

“அந்த மூடியக் குடுங்க.”

கொடுத்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

“இதுல நடுவுல ஒரு ஓட்டை இருக்கணுமே. ஊசி மொனை மாதிரி. டீசல் எறங்க எறங்க அது வழியாத்தான் உள்ள காத்து போவணும்.” என் பக்கம் திரும்பி, “ஊக்கு இருக்குதா?” என்றார்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். என் பொட்டின் நடுவில் குத்தினார். ஈரச் சந்தனம் போனது. அதற்குக் கீழே காய்ந்த சந்தனம். அதற்குக் கீழே குங்குமம், மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம், ஓடு மாதிரி இறுகிப் போய். எத்தனை வெள்ளிக்கிழமைகள். ஊக்கு உள்ளே இறங்கி அந்தப் பக்கம் வந்தது. மூடியைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.

டேங்க் ரொப்பினால் ஏன் சீக்கிரம் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே டீசல் நிறைய இருந்தால் காற்றுக்கு இடம் கொஞ்சம். இருக்கிற காற்று சீக்கிரம் போதாமல் போய்விடும். காலியாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். வழித்துத் துடைத்த அண்டாவையும் நிரம்பிய அண்டாவையும் நாள் முழுக்க மூடித் திறக்கிறவள் நான்.

“வண்டி முழுக்கக் கழுவறீங்களேண்ணே,” என்றேன். என்ன பேசுகிறேன் என்று தெரியாமல்தான் கேட்டேன். “இத ஒரு நாளாவது கழுவியிருந்தா தெரிஞ்சிருக்குமே.”

“அது உங்க பொட்டு ஆச்சேமா. நான் எப்பிடி அழிக்கிறது? மத்ததுல எல்லாம் வெயில்ல, மழைல தானா பூடும். இது உள்ள அடங்கி இருக்கிற எடம், போவாது. கழுவறப்போ அதுமேல மட்டும் ஒரு கவர் போட்டுக் கட்டிடுவேன். தொறக்கறப்போகூட ஓரத்தப் பிடிச்சி மெதுவாத்தான் தொறப்பேன், அழிஞ்சிடப் போவுதுன்னு.”

அவர் அப்படி மெல்லத் திறந்ததில்தான் அந்த ஸ்ஸ்ஸ் சத்தம் இத்தனை நாளும் கேட்காமல் போயிருக்கிறது. அவ்வளவுதான் சொன்னார். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்றைக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பே போய்விட்டோம். மறுநாள் சனிக்கிழமை, அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. புளியமரத்தைத் தாண்டும்போது நுங்குக்காரர் ஸ்டூலோடு எழுந்து, போகிற எங்களையே பார்த்தார். எனக்கு அந்த இஞ்சின் சத்தம் தாங்கவில்லை. நில்லேன், இன்றைக்கு ஒரு முறை நில்லேன், இறங்கி நின்று நாலு வார்த்தை பேச ஒரு இடம் கொடேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சனியனிடம் கெஞ்சினேன். வேண்டாத நாளெல்லாம் நின்ற வண்டி. அன்றைக்கு நிற்கவே இல்லை.

சாயங்காலம் வண்டியைக் கழுவினார். எல்லாவற்றையும். சாவியை ஆணியில் மாட்டினார். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே நடந்தேன். பொன்னேரி ஸ்டேஷன்வரை இரண்டு பேரும் மார்க்கெட் கூட்டத்தில் முன்னும் பின்னுமாகப் போனோம். பிளாட்பாரத்தில் கம்பெனி யூனிபார்ம் போட்ட ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். அவர் ரயில் வர நேரம் இருந்தது.

“திங்கக்கெழம வந்துடுங்கண்ணே,” என்றேன். “தப்பு என்னுதுன்னு தெரிஞ்சுபோச்சே. உங்க மேல ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே.”

“ஓட்டை தெரிஞ்சதால ஆச்சி. தெரியாம இருந்திருந்தா?” என்றார்.

“அப்ப அதுதான் முடிஞ்சுதே.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அது பழைய வண்டிமா. நாளைக்கு வேற ஒண்ணு போவும். கிளட்ச் போவும், செல்ஃப் மோட்டார் போவும். போற அன்னிக்கி நீங்க மொதல்ல பானட்டப் பாக்க மாட்டீங்க. என் மூஞ்சத்தான் பாப்பீங்க.”

“இல்லண்ணே.”

“பாப்பீங்க. வேணும்னு பாக்க மாட்டீங்க. ஆனா பாத்துடுவீங்க. நானும் நீங்க பாக்கறீங்களான்னு பாத்துக்கினு இருப்பேன். ரெண்டு பேரும் இப்பிடியே பாத்துக்கினு எப்பிடிமா ரோட்டப் பாக்கறது?”

கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு ரயிலின் வெளிச்சம் தெரிந்தது. கூட்டம் முன்னால் நகர்ந்தது. நானும் அதோடு சேர்ந்து, அவர் ரயில் வந்துவிட்டது என்று நினைத்து, விளிம்புக்குப் போய்விட்டேன். முழங்கைக்குப் பக்கத்தில் கையை நீட்டினார், தொடாமல்.

“பின்னால வாங்கம்மா. இது எக்ஸ்பிரஸ்ஸு, இங்க நிக்காது.”